ஆங்கில ‘வித்’தை (with) எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் ஆங்கிலம்தான். போன வாரம் ஒரு சிறுமி, “அம்மா கரண்டியோடு குழம்பைக் கிளறினார்” என்று எழுதியிருந்தாள். அம்மாவும் கரண்டியும் கூட்டுச் சேர்ந்து கிளறியதுபோல! நம் ‘ஓடு’, ‘ஆல்’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ‘வித்’தான்; எல்லாம் அது செய்கிற வேலை.

தேடிப் பார்த்தேன். பழைய ஆங்கிலத்தில் ‘வித்’ என்றால் ‘எதிராக’. ‘வித்ஸ்டாண்ட்’ (எதிர்த்து நில்) என்பதில் அது இன்னும் இருக்கிறது. ‘கூட’ என்பதற்கு அப்போது ‘மிட்’ என்ற சொல் இருந்தது. அப்புறம் அந்த இடத்தையும் ‘வித்’ பிடித்துக்கொண்டது. மருத்துவச்சியைச் சொல்லும் ‘மிட்வைஃப்’பில் (பெண்ணுடன் இருப்பவள்) பழைய ‘மிட்’ ஒளிந்திருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ‘கூட’ என்பதற்கான ‘மெட்’ அதற்கு உறவுக்காரன்தான்.

நம் ‘ஓடு’ மட்டும் என்னவாம்? தம்பியோடு விளையாடினேன், தம்பியோடு சண்டை போட்டேன். இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. சரி, அது புரிந்துவிட்டது. ‘கரண்டியால்’ என்பதுதான் வாயில் வரமாட்டேன் என்கிறது.

பேச்சு வழக்கில் ‘கரண்டியை வைத்து’ என்று முதலில் பழக்கிவிட்டு, பிறகு ‘ஆல்’ உருபுக்குப் போகலாமா? பத்து வயதுப் பிள்ளைகளுக்கேற்ற விளையாட்டு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள். வேற்றுமை அட்டவணை மட்டும் வேண்டாம். கொடுத்துப் பார்த்தாயிற்று, கொட்டாவிதான் மிச்சம்.