குஷியும் குஷ்டியும் ஒன்றா? அவசரம்

மாடப்புறா: நாளைக் காலை பத்து மணிக்குள் மொழிபெயர்ப்புப் பக்கங்களைக் கொடுத்தாக வேண்டும். குஷி, குஷ்டி இரண்டும் ஒரே சொல்லா? எங்கிருந்து வந்தவை?

ஊர்க்குருவி: குஷி என்றால் மகிழ்ச்சி. இதில் என்ன சந்தேகம்? மற்றது குஸ்தி, அச்சுப்பிழை.

வேப்பமரம்: எந்த மொழி? யார், யாரிடம் சொல்வது? முழு வாக்கியத்தைப் போடுங்கள்.

மாடப்புறா: மன்னிக்கவும், ஆங்கிலம் (cushy, cushty). லண்டன் கதை. முதல் உலகப் போரில் காலில் குண்டு பட்ட சிப்பாய் ‘குஷியான காயம்’ என்கிறான். ‘மகிழ்ச்சியான காயம்’ என்று எழுதிவிட்டு விழிக்கிறேன். சந்தையில் கடை போட்டிருக்கும் பேரன் எதற்கெடுத்தாலும் ‘குஷ்டி’ என்கிறான்.

திண்ணைவாசி: குஷன் மெத்தையிலிருந்து வந்ததுதான். உட்கார்ந்தால் சுகம், அதனால் சுகமான வேலைக்கும் அந்தப் பெயர்.

அகராதி ஆசான்: அகராதியைத் திறக்கும் பழக்கம் இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. குஷன் பிரெஞ்சு வழி வந்தது. இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆங்கிலேயரின் குஷி, பாரசீக ‘குஷ்’. இந்தியாவில் இருந்த பட்டாளத்தார் கொண்டுபோனது. நம் குஷியும் அதே வீட்டுப் பிள்ளைதான். அங்கே போனதும் நோகாமல் நுங்கு தின்பது என்ற பொருள் ஏறிவிட்டது. உயிரை வாங்காமல் ஊருக்கு அனுப்பிவைக்கும் காயம் சிப்பாய்க்குக் குஷி. அதையே ‘பிளைட்டி’ என்றும் சொன்னார்கள். ‘அயல்நாட்டு’ என்று பொருள்படும் நம் உருது ‘விலாயத்தி’தான் அப்படித் தேய்ந்தது.

வேப்பமரம்: குஷ்டி, ஜிப்சிகள் எனப்படும் ரோமா மக்களின் ரோமானி மொழி வழி வந்தது, நல்லது, பிரமாதம் என்று பொருள். 1980களில் தெற்கு லண்டன் சந்தை வியாபாரி ஒருவரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் அதைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பியது.

ஊர்க்குருவி: ரோமானியும் இந்தியாவிலிருந்து போன மொழிதானே! அப்படியானால் இரண்டும் ஒன்று.

வேப்பமரம்: ஒரே ஊரிலிருந்து கிளம்பினால் ஒரே பஸ்ஸில் வந்ததாகிவிடுமா?

திண்ணைவாசி: இப்படித்தான் கேஷ் நம் காசு என்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.

அகராதி ஆசான்: கேஷ் இரண்டு உண்டு ஐயா. ரொக்கத்தைக் குறிப்பது, பெட்டி என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கீழைநாட்டுச் சில்லறை நாணயத்தை ஐரோப்பியர் கேஷ் என்றார்களே, அதுதான் நம் காசு. போர்த்துகீசியர் வழியாகப் போனது.

திண்ணைவாசி: தமிழுக்குச் சில்லறைதான் கொடுப்பீர்கள்.

அகராதி ஆசான்: சுருட்டும் கட்டுமரமும் நம்மிடமிருந்து போனதை நான் மறுத்தேனா?

மாடப்புறா: சிப்பாய்க்கு ‘ஊர் போய்ச் சேர ஒரு காயம்’, பேரனுக்கு ‘பிரமாதம்’. அனுப்பிவிட்டேன். நன்றி.

திண்ணைவாசி: குஷன் விஷயம் இன்னும் முடியவில்லை.