ஃபைபர் வள்ளத்தின் பின்பலகை அவுட்போர்டைத் தாங்குமா?

கேள்வி (குளச்சல்):
அண்ணன்மாரே, எங்கள் ஃபைபர் வள்ளத்தில் லாங் டெயில் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு (பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்) மாட்டப் போகிறோம். கடையால் பலகையை, அதாவது பின்பலகையை, சுத்தியலால் தட்டினால் நடுவில் மட்டும் மொத்தையான சத்தம். பழைய போல்ட் ஓட்டையில் திருப்புளியால் சுரண்டினால் கறுத்த ஈர மரத்தூள் வருகிறது. மேலே இரண்டு லேயர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஒட்டினால் போதுமா? அப்பாவும் தம்பியும் போகிற வள்ளம், ஏனோதானோவென்று செய்ய மனமில்லை.

பதில்:
போதாது தம்பி. உள்ளே பிளைவுட் உளுத்துவிட்டது. மேலே ஒட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். உள்பக்க ஃபைபரை வெட்டி எடுத்து, ஊறிய மரம் முழுவதையும் சுரண்டுங்கள். வெளிப்பக்கத்தைத் தொடாதீர்கள், வடிவத்தைக் காப்பது அதுதான். நன்றாகக் காய்ந்தபின் 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை ரெசினில் (ஃபைபர் ஒட்டும் பிசினில்) ஒட்டி வையுங்கள். மூலைகளை வளைவாக நிரப்பி, மேட்டைப் பக்கச் சுவர் வரை இழுத்து ஒட்டினால்தான் எஞ்சின் தள்ளுகிற பாரம் வள்ளம் முழுக்கப் பரவும்.

இன்னொருவர்:
முதலில் எஞ்சின் ஷாஃப்டைப் பாருங்கள். ஷார்ட் என்றால் பலகை உயரம் சுமார் 15 அங்குலம், லாங் என்றால் 20. அப்புறம், ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும், அதை இறுகத் தொடங்க வைக்கும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது, தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட்.

கேட்டவர்:
சரி அண்ணே. போல்ட் ஓட்டை?

முதல் பதில் சொன்னவர்:
பெரிதாகத் துளைத்து ரெசின் கலவையால் அடையுங்கள். இறுகியபின் அதன் நடுவில் போல்ட் அளவுக்குத் துளையுங்கள். தண்ணீர் மரத்தைத் தொடாது.