கச்சத்தீவு: தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுதுங்கள்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலில் இருக்கும் கச்சத்தீவைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் எண்களைச் சரி பார்க்க வேண்டும். பரப்பு 285 ஏக்கர் என்பார்கள். அடுத்த வரியிலேயே நீளம் 1.6 கிலோமீட்டர், அகலம் 300 மீட்டர் என்பார்கள். பெருக்கிப் பாருங்கள், அரை சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. 285 ஏக்கரோ 1.15 சதுர கிலோமீட்டர். இந்த இரண்டு கணக்கும் ஒரே தீவுக்குப் பொருந்தாது.

தூரமும் அப்படித்தான். ராமேஸ்வரத்திலிருந்து 33 கிலோமீட்டர் என்பது பரவலாகப் புழங்கும் எண். வரைபடத்தில் இறங்குதளத்திலிருந்து நேர்கோடு போட்டு அளந்தால் 13 கடல் மைல் சொச்சம், அதாவது ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான் வரும். 14ஆம் நூற்றாண்டில் எரிமலை வெடித்துத் தோன்றிய தீவு என்ற வரியையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இந்தக் கடலின் அடித்தளம் சுண்ணாம்புப் பாறையும் பவளமும் மணலும். எரிமலைக்கு இங்கே வேலையில்லை.

குடிதண்ணீர் கிடையாது. நிலையாகக் குடியிருந்தவர்களும் கிடையாது. இந்தத் தீவின் வரலாறு முழுவதும் வந்து போனவர்களின் வரலாறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் விளங்கும்.

———

ஆவணப் பக்கத்திலிருந்து கொஞ்சம். சேதுபதிகளின் ராமநாதபுரம் ஜமீன் இந்தத் தீவைத் தன் கணக்கில் வைத்திருந்தது. அதற்கு இந்தியத் தரப்பில் அடிக்கடி காட்டப்படும் சான்று 1880ஆம் ஆண்டுக் குத்தகை. கரையோரத்தில் 70 கிராமங்களும் 11 தீவுகளும் அதில் அடக்கம். எதற்காகக் குத்தகை என்பதுதான் சுவையான விஷயம்: சாயவேர் தோண்ட. இம்பூறல் என்ற சிறு செடியின் வேர் அது. மணற்பாங்கான கரையில் தானாக முளைக்கும். வேரைக் காயவைத்து இடித்து, படிகாரம் ஏற்றிய பருத்தித் துணியில் சாயம் போட்டால் சிவப்பு பிடிக்கும். ஆள் குடியிருக்காத மணல்தீவுக்கும் வருமானம் இருந்தது இப்படித்தான். பின்னால் செயற்கைச் சாயம் வந்ததும் அந்த வேருக்கு மதிப்பு போய்விட்டது. 1913 குத்தகை சங்கு எடுப்பதை ஒட்டியது.

இலங்கைத் தரப்பு காட்டுவது 1921 அக்டோபர் பேச்சுவார்த்தை. சென்னை மாகாணமும் இலங்கையும் மீன்பிடி எல்லை வகுக்க உட்கார்ந்தபோது, கோடு கச்சத்தீவுக்கு மேற்கே போகட்டும் என்று இலங்கைக் குழு வலியுறுத்தியது, கோடும் அப்படியே வரையப்பட்டது. ஆனால் அந்த உடன்பாடு முறைப்படி ஒப்புதல் பெறவில்லை. இரண்டு தரப்பும் இந்த ஒரே ஆவணத்தைத் தங்களுக்குச் சாதகமாகக் காட்ட முடிவது இதனால்தான்: ஒருவர் வரைந்த கோட்டைச் சொல்வார், மற்றவர் விடுபட்ட ஒப்புதலைச் சொல்வார்.

குத்தகைச் சீட்டே இறையாண்மைக்குப் போதுமான சான்று என்று வாதிடுவது பலவீனமான இடம். ஜமீன் வரி வாங்கியது என்பதற்குத்தான் அது நேரடிச் சான்று. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீனின் உரிமை சென்னை அரசுக்கு வந்ததையும் சேர்த்துக் காட்டினால்தான் சங்கிலி முழுமையாகும்.

———

"1974இல் மீன்பிடி உரிமை போய்விட்டது" என்று மேடைகளில் சொல்வது பாதி உண்மை. ஒப்பந்தங்கள் இரண்டு. தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

முதலாவது 1974 ஜூன் 26இல் கொழும்பிலும் 28இல் டெல்லியிலும் கையெழுத்தானது. பாக் நீரிணையிலிருந்து ஆதம் பாலம் வரை கோடு போட்டது இதுதான். கோடு தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிப் போவதால் தீவு இலங்கைப் பக்கம் விழுந்தது. "கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுக்கிறோம்" என்று ஒரு வரி அதில் தேடினால் கிடைக்காது. கோடு போட்ட விதமே அந்த வேலையைச் செய்துவிட்டது.

5ஆம் பிரிவு: இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், அதற்கு இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்காது. 6ஆம் பிரிவு: இரு நாட்டுக் கலங்களுக்கும் மற்றவர் நீர்ப்பரப்பில் மரபாக இருந்து வந்த உரிமை தொடரும். 1974 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் மீன்பிடி, யாத்திரை, கப்பல் போக்குவரத்து உரிமைகள் காக்கப்பட்டிருக்கின்றன என்று சொன்னது இவற்றை வைத்துத்தான்.

கதவை அடைத்தது இரண்டாவது. 1976 மார்ச் 23இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வகுத்த ஒப்பந்தம். அதோடு இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் நீர்ப்பரப்பில் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன்பிடிக்கக் கூடாது என்று வருகிறது. இலங்கை இதைக் காட்டி, 5ஆம் பிரிவு தீவில் இறங்கவும் இளைப்பாறவும் மட்டுமே, மீன்பிடிக்க அல்ல என்கிறது.

தீவில் நம் மீனவர்களுக்கு உண்டு என்று சொல்லப்படும் 'வலை உலர்த்தும் உரிமை' எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பருத்தி நூல் வலையைக் கடலிலிருந்து எடுத்ததும் காயவைக்காவிட்டால் மக்கிப்போகும். வழியில் காயவைக்க ஒரு மணல்திட்டு என்பது தொழிலுக்குத் தேவையான இடம். நைலான் வந்த பிறகு அந்தத் தேவையே இல்லை. காகிதத்தில் மிஞ்சியது தேவையில்லாமல் போன உரிமை, பறிபோனது மீன்பாடு. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் உரிமைகளை அடுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

நீதிமன்றக் கேள்வி ஒன்றுதான்: 1974 ஒப்பந்தம் நிலத்தை விட்டுக்கொடுத்ததா, தகராறிலிருந்த எல்லையைத் தீர்த்ததா? விட்டுக்கொடுப்பது என்றால் பெருபாரி வழக்கில் (வங்காளத்தில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றியது) 1960இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். எல்லைத் தீர்வு என்றால் 1969 கட்ச் எல்லை வழக்கின்படி வேண்டாம். ஒன்றிய அரசு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2008இல் ஜெயலலிதா தாக்கல் செய்த மனு முதலாவதை.

———

படகில் ஜிபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு. 1974 கோட்டில் ஆறு புள்ளிகள். ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு முக்கியமானவை நான்கு:

3ஆவது: 9°40.15′ வடக்கு, 79°22.60′ கிழக்கு
4ஆவது: 9°21.80′, 79°30.70′
5ஆவது: 9°13.0′, 79°32.0′
6ஆவது: 9°06.0′, 79°32.0′

4ஆவது புள்ளி கச்சத்தீவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 5இலிருந்து 6 வரை கோடு நேர் தெற்கே இறங்குகிறது. ராமேஸ்வரம் இறங்குதளத்துக்கு நேர் கிழக்கே எல்லை 12 கடல் மைல் சொச்சம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் 5 கடல் மைல்தான். தனுஷ்கோடிப் பக்கம் தொழில் பார்ப்பவர்கள் 12 என்ற எண்ணை நம்பிப் போகக் கூடாது.

அடிக்கடி நேரும் பிழை, புள்ளியைப் பதிவதில். 9°21.80′ என்பது 9 பாகை (டிகிரி) 21.80 கலை (நிமிடம்). கருவி தசமப் பாகையில் இருந்தால் 9.3633 என்று போட வேண்டும். பலர் 9.2180 என்று போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு பிழையிலேயே புள்ளி 8.7 கடல் மைல் தெற்கே தள்ளிப்போகிறது. நெடுங்கோட்டில் 79.5117க்குப் பதில் 79.3070 போட்டால் 12 கடல் மைல் மேற்கே. பாகை, கலை, விகலை (நொடி) அமைப்பில் இருந்தால் 21 கலை 48 விகலை, 80 விகலை இல்லை. பதிந்ததும் ராமேஸ்வரம் இறங்குதளத்திலிருந்து 4ஆவது புள்ளிக்குத் தூரம் கேளுங்கள். 12இலிருந்து 13 கடல் மைலுக்குள் காட்டாவிட்டால் பதிவு தப்பு.

அடுத்தது நீவாடு, அதாவது கடல் நீரோட்டம். மணிக்கு 1 கடல் மைல் நீரோட்டத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு மணிநேரம் தூங்கினால் 2 கடல் மைல் போய்விடும். கோட்டுக்கும் தீவுக்கும் இடையே இருப்பதே ஒரு மைல். அதனால் அலாரத்தைக் கோட்டின் மேலேயே வைக்காமல் 2 மைல் உள்ளே தள்ளி வையுங்கள். இழுவை மடி (கடலடியில் இழுத்துப்போகும் வலை) கீழே இருக்கும்போது படகைச் சட்டென்று திருப்ப முடியாது. மடியை ஏற்றிய பிறகுதான் வேகம் வரும்.

———

இலங்கையின் நெடுந்தீவுப் பக்கத்திலிருந்து இதையும் சேர்த்து வாசியுங்கோ. எங்கட கடற்தொழிலாளர் கூடுதலாகப் பாவிக்கிறது வெளியிணைப்பு இயந்திரம் பூட்டின சிறிய படகும், மீன் செவுளில சிக்கிற செவுள் வலையும். வலையைப் பின்னேரம் கடலில் விட்டு விடிய எடுப்பினம். இழுவைப் படகில் மடியின் வாயை விரிக்க இரண்டு பக்கமும் பலகை, அடிக்கயிற்றில பாரம். அது நிலத்தை உரசிக்கொண்டு வரேக்க வழியில இருக்கிற வலையை அறுத்துக்கொண்டு போகும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பெரும்பகுதி 15 மீட்டரும் வராது. அதால மடி தொடாத இடமெண்டு ஒண்டும் மிஞ்சாது.

ராமேஸ்வரம் விசைப்படகுக்குத் தொழில் நாள் திங்கள், புதன், சனி. அந்த நாட்களில வலையை இழக்கப் பயந்து எங்கட ஆக்கள் கனபேர் கடலுக்கு இறங்குறதில்லை. அங்க நாட்டுப்படகையும் விசைப்படகையும் பிரிச்சுவைக்கப் போட்ட நாள்க்கணக்கு இஞ்ச எங்கட கிழமையையும் பாதியாக்கிப்போட்டுது. போர்க்காலத்தில வடக்கில கடற்தடை இருந்தது, கடல் வெறிச்சோடிக் கிடந்தது, இழுவைப் படகுகள் அந்த வெற்றிடத்துக்குப் பழகிவிட்டன. 2009க்குப் பிறகு எங்கட ஆக்கள் திரும்பி வரவே மோதல் முற்றியது.

இலங்கை 2017இல் இழுவை மடியை உள்நாட்டவருக்கும் தடைசெய்துவிட்டது. 2018 திருத்தம் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் படகின் நீளத்தை வைத்து உயர்த்தியது. பிடிபட்டால் கடற்படை காங்கேசன்துறைக்கோ மயிலிட்டிக்கோ கொண்டுவந்து கடற்றொழில் திணைக்களத்திடம் ஒப்படைக்கும், பிறகு ஊர்காவற்துறை நீதிமன்றம். முதல் தடவை எண்டால் பெரும்பாலும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையோட விடுவார்கள். இரண்டாம் தடவை அந்தத் தண்டனையும் சேர்ந்து வரும். படகை மீட்க உரிமையாளரே பதிவுப் பத்திரத்தோட நேரில் வரவேணும். வராவிட்டால் அரசுடைமை.

———

மேலே நெடுந்தீவிலிருந்து எழுதியவர் சொன்னது சரி. எல்லை தாண்டுவதைப் பற்றிப் பேசும்போது இரு கரையிலும் தமிழ் மீனவன்தான் நட்டப்படுகிறான் என்பதை இங்குள்ளவர்கள் மறந்துவிடுகிறோம். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகளின் எண்ணிக்கைக்கு 12 மைல் கடல் போதாது. கரையோரம் நாட்டுப்படகுக்கு ஒதுக்கியது, அதைத் தாண்டினால் பாறை. டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) வாங்கிப் போகிறவனுக்கு டீசல் காசாவது எடுக்க வேண்டும். தீவு திரும்பி வந்தாலும் இந்தக் கணக்கு முழுதாகத் தீராது.

———

கச்சத்தீவு அந்தோணியார் கோவில் திருவிழாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு. அந்தோணியார் கோவிலை 1905 வாக்கில் கட்டியவர் சீனிக்குப்பன் படையாட்சி என்ற தமிழக மீனவர். கோவில் நிர்வாகம் யாழ்ப்பாணக் கத்தோலிக்க மறைமாவட்டம். புதிய ஆலயத்தை இலங்கைக் கடற்படை கட்ட, 2016 டிசம்பர் 23இல் திறந்தார்கள். பழைய சிறு கோவிலும் பக்கத்தில் இருக்கிறது.

விழா தவக்காலத்தையொட்டி பிப்ரவரி அல்லது மார்ச்சில் இரண்டு நாள். நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். யாழ்ப்பாணத்திலிருந்து அறிவிப்பு வந்த பிறகுதான் உறுதி. முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப் பாதையின் 14 நிலைகள், திருப்பலி, தேர்பவனி. மறுநாள் காலை திருப்பலி முடிந்ததும் கொடியிறக்கம்.

இந்தியப் பக்கம் விசா வேண்டாம், ஆனால் பதிவு வேண்டும். ராமேஸ்வரம் வேர்க்கோடு கத்தோலிக்கப் பங்கு ஆலயம் வழியாக விண்ணப்பம், அடையாள அட்டை நகல், புகைப்படம், காவல்துறைத் தடையின்மைச் சான்று. பெயர் எந்தப் படகின் பட்டியலில் இருக்கிறதோ அதில்தான் போகவும் வரவும் முடியும். உறவினர்கள் வேறு வேறு படகில் பிரிந்துபோவது இதனால்தான். சேர்ந்து போக நினைப்பவர்கள் விண்ணப்பங்களை ஒன்றாகக் கொடுத்து, படகு உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பயணம் இரண்டு மணிநேரம் சொச்சம். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்தில் குறிகாட்டுவான் வந்து படகேற வேண்டும்.

கரையோரம் ஆழமில்லை. தற்காலிக இறங்குதுறைதான். வயதானவர்களுக்கு இறங்கும் இடத்தில் கைபிடிக்க ஒருவர் அவசியம். கடற்படை தண்ணீர் தந்தாலும் ஒருவருக்கு ஐந்து லிட்டராவது கையோடு கொண்டுபோங்கள். இரவு மணலில்தான் படுக்கை. பாய், போர்வை, டார்ச் போதும். மது, சிகரெட் பைக்குள் இருந்தால் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். இலங்கைச் சோப்பும் தேங்காய் எண்ணெயும் வாங்கி வருவது பழைய வழக்கம். சொந்த உபயோக அளவுக்கு மேல் போனால் திரும்பும்போது சுங்கத்தில் நிறுத்துவார்கள்.

2024இல் தமிழகத்திலிருந்து படகு போகவில்லை. சிறையிலிருந்த மீனவர்களுக்காக விசைப்படகுக்காரர்கள் புறக்கணித்தார்கள். 2025 மார்ச் 14, 15இல் மறுபடி போனார்கள். பதிவு செய்துவிட்டோம் என்று மட்டும் இருந்துவிடாமல், கிளம்புவதற்கு முந்தின வாரம் மீனவர் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.