மூளையுறை ஃபிஸ்டுலாவுக்குத் தமிழில் என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

த.க. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

நோயாளிக் கையேடும் ஒப்புதல் படிவமும் மொழிபெயர்ப்பில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். நோய், டியூரல் ஆர்ட்டீரியோவீனஸ் ஃபிஸ்டுலா. மூளையை மூடியுள்ள வன்சவ்வுக்குள் தமனியும் சிரையும் நேராக இணைந்துவிடுவது. இடர் மூன்று இடத்தில்.

1. ஃபிஸ்டுலாவுக்கு அகராதி தருவது 'பவுத்திரம்'. மக்களுக்கு அது ஆசனவாய் நோயின் பெயர். 'உங்கள் மூளையுறையில் பவுத்திரம் உள்ளது' என்று அச்சிட எனக்குத் துணிவில்லை.
2. 'சைனஸுக்குள் தமனி ரத்தம் பாய்கிறது.' இங்கே சைனஸ் வன்சவ்வில் உள்ள பெரிய சிரைக்கால்வாய்; படிப்பவரோ மூக்கைத்தான் தொட்டுப் பார்ப்பார்.
3. எம்பொலைசேஷன் (நுண்குழாய் வழியே பசை செலுத்தி அந்த இணைப்பை அடைக்கும் சிகிச்சை). 'ரத்தக்குழாயில் அடைப்பை உண்டாக்குவோம்' என்ற வரிக்குப் பக்கத்தில் 'பக்கவாதத்தையா?' என்று சரிபார்ப்பவர் குறித்திருக்கிறார். அவர் கேட்டது நியாயம்.

இரா. எழுதியது:

அன்புள்ள த.க.,

ஃபிஸ்டுலா லத்தீனில் குழல். ஊதுகிற குழலும் அதுவே. தமிழிலும் 'குழல்' இரண்டுக்கும் பொது என்பது ஓர் அழகு. ஆனால் ரத்தக்குழல்களுக்கு நடுவே இன்னொரு குழல் என்றால் எது எதுவென்று தெரியாது. என் பரிந்துரை 'புரை'.

புரை என்றால் உட்டுளை. நன்னூலில் 'போலப் புரைய ஒப்ப உறழ' என உவம உருபாக வருவது வேறு, குறளில் 'புரைதீர்ந்த நன்மை' எனக் குற்றப்பொருளில் வருவது வேறு என்பார்கள். எனக்கு மூன்றும் ஒரே வேர் என்றுதான் படுகிறது. துளை விழுந்தது குற்றப்பட்டது. துளைவழி ஒன்றோடொன்று கலந்தது ஒப்பானது. (விரித்துத் தனி இழையில் எழுதுகிறேன்.) வழக்குச் சான்று வேண்டுமா? புரையேறுதல். உணவுக்குழலுக்குப் போகவேண்டிய நீர் மூச்சுக்குழலுக்குள் போகிறது. தந்துகிக்குப் போகவேண்டிய ரத்தம் நேரே சிரைக்குள் இறங்குவதும் அதே கதைதான். 'தமனிசிரைப் புரை' என்று எழுதுங்கள். ப் மிகும்.

ந.சி. எழுதியது:

ஐயா, புரையேறுதல் நல்ல ஒப்புமை, மறுக்கவில்லை. ஆனால் வார்டில் 'புரை' என்றதும் கண்புரைதான் நினைவுக்கு வரும். அதற்கு அடுத்தது 'புரையோடிப் போச்சு'. மூளை அழுகிவிட்டதா என்று வீட்டாரில் ஒருவர் கேட்பார், இன்னொருவர் அழத் தொடங்குவார். 'கள்ள இணைப்பு' என்று எங்கோ எழுதியிருந்ததையும் பார்த்தேன். கள்ளத்தொடர்புக்கு அது ஒரு தெருதான் தள்ளி. அதுவும் வேண்டாம்.

இன்னொன்று: டயாலிசிஸ் நோயாளிகள் கையில் வேண்டுமென்றே தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருப்பதை 'ஃபிஸ்டுலா' என்றே சொல்கிறார்கள். அவர்களுக்கு அது காப்பாற்ற வேண்டிய பொருள். இங்கே மூடவேண்டிய பொருள். எந்தச் சொல் வந்தாலும் இந்த வேறுபாட்டுக்குக் கையேட்டில் ஒரு வரி வேண்டும்.

க.ம. (நரம்புக் கதிரியல்) எழுதியது:

சொல் தேடுமுன் பொருளைப் பார்த்துவிடலாம்.

> புரை என்றால் உட்டுளை

துளை இங்கே முக்கியமல்ல, ஐயா. பாய்ச்சல்தான் முக்கியம். இந்நோய்க்கு 1995-இல் வந்த இரண்டு வகைப்பாடுகளும், கொன்யார், போர்டன், சிரை எந்தத் திசையில் வடிகிறது என்பதைத்தான் கேட்கின்றன. ரத்தம் உறைச் சிரைக்குள் முறையான திசையில் போனால் பெரும்பாலும் காதுக்குள் நாடித்துடிப்போடு 'உஸ் உஸ்' என்று ஒலி கேட்பதோடு சரி. அதே ரத்தம் மூளைப் புறணிச் சிரைகளுக்குள் பின்னோக்கி ஏறினால் ரத்தக்கசிவு, வலிப்பு, நினைவு மங்கல் எல்லாம் வரலாம். ஆழ்சிரைகள் தேங்கித் தலாமஸ் (மூளையின் நடுப்பகுதி) வீங்கியவருக்கு மறதிநோய் என்று பெயர் வைத்துவிடுவதும் உண்டு. இணைப்பை மூடினால் அது மீளக்கூடிய மறதி. கொன்யார் ஐந்தாம் வகையில் தண்டுவடச் சிரைகளுக்கு வடிந்து கால் பலமிழக்கும்; தலையில் உள்ள நோயை முதுகில் தேடிக்கொண்டிருப்போம்.

படத்தில் எப்படித் தெரிகிறது என்பதும் சொல்லுக்கு உதவும். வழக்கமான எம்.ஆர்.ஐ. சுத்தமாகவே இருக்கலாம். டி2 (நீரை வெளுப்பாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) படத்தில் மூளை மேற்பரப்பில் நெளிநெளியாகக் கரும்புழுக்கள் போலத் தெரிந்தால் வேகமாக ரத்தம் ஓடும் சிரைகள் என்று சந்தேகிக்கவேண்டும். எஸ்.டபிள்யூ.ஐ. (ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தைக் கருப்பாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) படத்தில் சிரை இயல்பில் கருப்பு. ஆக்சிஜன் குறையாத ரத்தம் ஏறியிருந்தால் வெளுக்கும். ஏ.எஸ்.எல். (சாயமின்றி ரத்த ஓட்டத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறை) இன்னும் நேர்மையானது. கழுத்தில் தமனி ரத்தத்துக்குக் காந்தக் குறியிட்டுச் சுமார் 2 விநாடி கழித்துப் படம் எடுக்கிறோம். அந்நேரம் குறியிட்ட நீர் மூளைத்திசுவுக்குள் இருக்கவேண்டும். சிரை மின்னினால் ரத்தம் தந்துகியைத் தாண்டிக் குறுக்கே வந்துவிட்டது என்று பொருள்.

உறுதிசெய்வது டி.எஸ்.ஏ., அதாவது ரத்தக்குழலுக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம். ஆறு குழல்களுக்கும் தனித்தனியே சாயம் செலுத்தவேண்டும்: உட்கழுத்துத் தமனி இரண்டு, வெளிக்கழுத்துத் தமனி இரண்டு, முதுகெலும்புத் தமனி இரண்டு. மூளைக்குப் போவது உட்கழுத்துத் தமனிதானே என்று வெளிக்கழுத்தை விட்டுவிட்டால் நோய் தப்பிவிடும், ஏனென்றால் வன்சவ்வுக்கு ஊட்டுவது பெரும்பாலும் அதன் கிளைகள். தமனி நிறையும் அதே கட்டத்தில் சிரையும் தெரிந்தால் முடிந்தது.

ஆக 'குறுக்கே' என்பதுதான் கரு. 'தமனிசிரைக் குறுக்குவழி' என்பேன்.

பொ. எழுதியது:

வணக்கம். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு ஆட்டரி நாடி, வெயின் நாளம். 'தமனி', 'சிரை' எங்கள் வாசகருக்குப் பழக்கமில்லை. இரண்டும் வடசொல் என்பது வேறு. 'நாடிநாளக் குறுக்குவழி' ஆகாதா?

இரா. எழுதியது:

> நாளம்

ஆகாது. தமிழ்நாட்டு வாசகர் 'நாளமில்லாச் சுரப்பி' என்று படித்தவர். அவருக்கு நாளம் வெறும் குழாய். ரத்தநாளம் என்றால் தமனியும் அடங்கும். 'நாடி' என்றாலோ மணிக்கட்டை நீட்டுவார். தவிர, நாளமும் வடசொல்தான், பொ.

பொ. எழுதியது:

ஐயா, வடசொல்லென்று இரண்டையும் தள்ளினால் மிஞ்சுவது குழாய் மட்டுமே. 'சிவப்புக் குழாய், நீலக் குழாய்' என்று போடலாமா? சரி, அடைப்புக்குறிக்குள்ளாவது நாடி, நாளம் என்று ஒருமுறை போடுங்கள்.

த.க. எழுதியது:

பொ. சொன்னபடி முதல் பக்கத்தில் போட்டுவிடுகிறேன். சைனஸுக்கு 'உறைச் சிரைக்கால்வாய்' என்று வைத்துக்கொள்கிறேன், யாரும் எதிர்க்கவில்லை என்றால். இப்போது எம்பொலைசேஷன். நாள் இரண்டுதான்.

இரா. எழுதியது:

'அடைப்பு' தன்வினைக்கும் பிறவினைக்கும் பொதுவாகப் போய்விட்டதே சிக்கல். தானே அடைபட்டால் அடைபடல். நாம் அடைத்தால் அடைத்தல். தொழிற்பெயரை மாற்றினாலே போதும்.

ந.சி. எழுதியது:

காதில் கேட்கையில் இரண்டும் ஒன்றுதான், ஐயா. 'மூடுதல்' என்று போடுங்கள். 'குறுக்குவழியை மூடும் சிகிச்சை.' யாருக்கும் விளக்க வேண்டாம்.

க.ம. எழுதியது:

மூடுதலை ஆதரிக்கிறேன். காரணம் மொழியல்ல. ஊட்டும் தமனியை மட்டும் அடைத்தால் பக்கத்துத் தமனிகள் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும், நோய் திரும்பும். பசை இணைப்பைத் தாண்டிச் சிரையின் அடிவாய் வரை போய் நிற்கவேண்டும். ஆகவே அடைப்பது குழாயை அல்ல, வழியை.

கையேட்டில் செய்முறைப் பகுதிக்கு: ஒனிக்ஸ் (இணைப்பை அடைக்கும் பசை) குப்பியைக் குலுக்கியில் வைத்து 20 நிமிடம் குலுக்கவேண்டும். குறைத்தால் பசையை எக்ஸ்ரேயில் காட்டும் டாண்டலம் உலோகத் தூள் அடியில் தங்கிவிடும், திரையில் பசை தெரியாது, தெரியாமலே ஓடும். நுண்குழாயை முதலில் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் கொண்டு மெதுவாக நிரப்பவேண்டும். நீரோ ரத்தமோ பட்டால் பசை அங்கேயே கெட்டியாகும். பின்னோக்கி வழிந்தால் நிறுத்திக் காத்திருக்கவேண்டும், ஆனால் 2 நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் நுண்குழாயே அடைத்துக்கொள்ளும். நடு உறைத்தமனியின் ஒரு கிளை முக நரம்புக்கு ஊட்டுகிறது; பசை அதில் போனால் முகம் கோணும். கண் தமனியோடு உள்ள தொடர்பில் போனால் பார்வை. ஒப்புதல் படிவத்தில் இவ்விரண்டையும் 'சிக்கல்கள்' என்று பொதுவாக முடித்துவிடாதீர்கள், பெயர் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பின் மூச்சில் பூண்டு வாடை வரும், டி.எம்.எஸ்.ஓ.வால், பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு குறை மட்டும் சொல்லிவைக்கிறேன். 'குறுக்குவழி' நியாயப்படி ஷன்ட்டுக்கு (ரத்தம் வழிமாறிப் பாய்வதற்கு) உரியது. அது பாய்ச்சலின் பெயர். ஃபிஸ்டுலா இடத்தின் பெயர். நாளை ஷன்ட்டுக்குச் சொல் கேட்டால் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

த.க. எழுதியது:

குறுக்குவழிக்கு நான்கு பேர் (பொ. அரைமனதாக). அச்சில் போவது: 'தமனிசிரைக் குறுக்குவழி', முதல் முறை மட்டும் 'ஃபிஸ்டுலா' என்றும் சேர்த்து, சிகிச்சை 'குறுக்குவழி மூடல்'. டயாலிசிஸ் வரியும் சேர்த்தாயிற்று. நன்றி.

இரா. எழுதியது:

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. 'குறுக்குவழி' என்றால் சீக்கிரம் போய்ச்சேரும் நல்ல வழி என்றுதான் மக்கள் நினைப்பார்கள். அதை ஏன் மூடவேண்டும் என்று உங்கள் நோயாளி கேட்பார். புரையை நான் விடவில்லை. கண்புரைக்கு வேறு சொல் தேடித் தனி இழை தொடங்கியிருக்கிறேன், வந்து சேருங்கள்.