பைக் இன்சூரன்ஸை ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும்?

நண்பர்களே, விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என்னுடையது 350 சிசி வண்டி. 2023-ல் வாங்கும்போதே ஐந்து வருட தேர்ட் பார்ட்டிக்கு (நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் நஷ்டத்துக்கான இன்சூரன்ஸ்) 7365 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அது சட்டம், சரி. கடுப்பேற்றுவது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்காக வருடா வருடம் புதுப்பிக்கும் ஓன் டேமேஜ் பாலிசிதான். வண்டியின் மதிப்பு இறங்குகிறது, கட்டணம் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. இந்த முறை ஷோரூமில் போட்டுக் கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தால், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கிளைம் தருவது), என்ஜின் பாதுகாப்பு என்று நான் கேட்காத ஆட்-ஆன்கள். ஆபீஸ் போய்வரும் வண்டிக்கு எதற்கு இதெல்லாம்? இரண்டு வருடம் கிளைமே எடுக்காத எனக்கு வர வேண்டிய 25 சதவீத நோ கிளைம் போனஸையும் (பிரீமியத்தில் தள்ளுபடி) காணோம்.

ரத்து செய்யுங்கள் என்றால், பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்களாம். ஓராண்டு பாலிசியைக் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், கிளைம் இல்லையென்றால் மீதிக் காலத்துக்கான பணத்தை விகிதப்படி திருப்பித் தர வேண்டும் என்று 2024-லேயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொன்னால் "செக் பண்றோம் சார்" என்பதோடு சரி.

யாராவது அப்படி விகிதப்படி வாங்கியிருக்கிறீர்களா? மெயிலில் என்ன எழுதினீர்கள்? வேறு கம்பெனியில் ஓன் டேமேஜ் மட்டும் எடுத்துவிட்டு இதை ரத்து செய்வதா, இல்லை முதலில் ரத்தா? போனஸுக்குச் சிக்கல் வந்துவிடக் கூடாது. அப்புறம், ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா புகார் தளத்தில் புகார் போட்டவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் நண்பர்கள் மட்டும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், புண்ணியமாகப் போகும்.