விஏஓ வேலை: இரண்டு கிராமம், ஒரே ஆள்

கேள்வி: விஏஓவாக (கிராம நிர்வாக அலுவலர்) நான்காவது வருடம். பக்கத்து கிராமமும் கூடுதல் பொறுப்பாக என் தலையில்தான். ஜமாபந்தி (கிராம வருவாய்க் கணக்குகளின் வருடாந்திரத் தணிக்கை) நெருங்கினால் தூக்கமே போய்விடுகிறது, போன வாரம் ஒரு வருமானச் சான்று மனுவில் 72,000 என்பதை 27,000 என்று ஏற்றிவிட்டேன், பாவம் அந்த அம்மா மறுபடி இ-சேவை மையத்துக்கு அலைந்தார். உங்களுக்கும் இப்படி ஆகிறதா?

பதில் 1: ஆகும் சார். பசலி, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூலை 1-ல் பிறக்கிறது, அதனால் மே, ஜூனில் எல்லாம் குவியும். அடங்கலை (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவேடு) அவ்வப்போதே எழுதிவிடுங்கள்.

பதில் 2: எழுத நேரம் எங்கே? பாதி நாள் வாட்ஸ்அப்பில் "உடனே அறிக்கை அனுப்பவும்" என்பதற்கே போகிறது. நான் காலையில் போனை சைலண்டில் போட்டுவிட்டு மனுக்களை மட்டும் பார்க்கிறேன், தப்பு குறைந்தது. அப்புறம், தாசில்தார் அழைப்பை எடுக்காததற்கு ஒரு மெமோவும் வந்தது!

கேட்டவர்: மெமோ பரவாயில்லை சார், நாளைக்கே சைலண்ட்.