நார்அட்ரினலின்: பேஸா, உப்பா? செப்டிக் ஷாக் சார்ட்டுக்கு உதவி தேவை

ஐசியூவில் வேலை பார்ப்பவர்கள் உதவுங்கள். செப்டிக் ஷாக்கில் (கடும் தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் நிலை), அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் 0.25 மைக்ரோகிராம்/கிலோ/நிமிடத்தைத் தொட்டும் சராசரி ரத்த அழுத்தம் 65 mmHg-க்கு வரவில்லையென்றால், அழுத்தத்தை ஏற்றும் இன்னொரு மருந்தான வாசோபிரஸின், நிமிடத்துக்கு 0.03 யூனிட். நார்அட்ரினலின் அதே அளவில் 4 மணி நேரம் நீடித்தால் ஹைட்ரோகார்டிசோன் (ஸ்டீராய்டு) 50 மி.கி., 6 மணிக்கொரு தரம். இதில் குழப்பமில்லை.

சிக்கல் ஆம்பியூல் லேபிளில்தான். 2 மி.கி. பைடார்ட்ரேட் உப்பில் ஏறத்தாழ 1 மி.கி. பேஸ்தான் (உப்பின் எடை சேராத நார்அட்ரினலின்) இருக்கும்; மேலே சொன்ன அளவுகள் பேஸ் கணக்கில். 60 கிலோ நோயாளிக்கு 0.25 என்றால் மணிக்கு 0.9 மி.கி. பேஸ்; 50 மி.லி. சிரிஞ்சில் 4 மி.கி. பேஸ் இருந்தால் பம்ப் மணிக்கு 11.25 மி.லி. வேகத்தில் ஓட வேண்டும். அந்த 4 மி.கி. உப்பின் எடையாக இருந்தால், அதே வேகத்தில் போவது பாதி மருந்துதான். சார்ட்டில் 0.25, உடம்பில் 0.125! அடுத்த மருந்தைத் தொடங்கும் நேரமே பிசகிவிடும். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றிவரும் நோயாளிக்கு இது இன்னும் ஆபத்து.

உங்கள் சிரிஞ்ச் ஸ்டிக்கரில் "பேஸ்" என்று எழுதுகிறீர்களா? பம்ப் லைப்ரரியில் (பம்பில் முன்கூட்டியே பதிந்த மருந்துப் பட்டியல்) எந்த செறிவை வைத்திருக்கிறீர்கள்? கூடவே இன்னொன்று: சிரிஞ்ச் மாற்றும்போது அழுத்தம் சரியாமலிருக்க பழைய, புதிய சிரிஞ்சின் இரண்டு பம்பையும் எப்படி ஒட்டி ஓட்டுகிறீர்கள்? சார்ட் மாதிரி இருந்தால், நோயாளி விவரத்தை மறைத்துப் போடுங்கள்.